ஓடும் இன்ஜின், உறையும் கேபின்: டீசல் லாரிக்குள் சூடு எங்கிருந்து வருகிறது?

என் சித்தப்பா திருச்செங்கோட்டில் லாரி டிரைவராக இருந்தவர். காஷ்மீருக்கு ஆப்பிள் ஏற்றப் போய்வந்த கதைகளை அவர் சொல்லும்போது மலையும் ராணுவ வண்டிகளும் ஒரு வரியில் முடிந்துவிடும். குளிரைப் பற்றிய பேச்சு மட்டும் முடியாது. காசிகுண்ட் அருகே பனி விழுந்து பாதை அடைபட்ட ஓர் இரவைப் பற்றி ஒருமுறை இப்படிச் சொன்னார்: "ராத்திரி பூரா வண்டி ஓடிக்கிட்டேதான் நின்னுச்சு கண்ணு. டேங்க்ல டீசல் எறங்குச்சு. உள்ள சூடு மட்டும் ஏறவே இல்ல." அவர் வண்டியில் ஹீட்டர் இருந்தது, அதில் கோளாறும் இல்லை. மலை ஏறும்போது அதே ஹீட்டர் ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்குச் சூடு கொடுத்திருந்தது. வண்டி நின்ற பிறகுதான் கைவிட்டது.

அப்போது எனக்கு இது பிடிபடவில்லை. இன்ஜின் என்றாலே சூடுதானே, ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எப்படி நடுங்க முடியும்? பிற்பாடு படித்தும் மெக்கானிக்குகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். டீசல் லாரியில் கேபினைச் சூடாக்குவதற்கென்று இன்ஜின் எதையும் எரிப்பதில்லை. அது வீணாக்கும் சூட்டில்தான் கேபின் குளிர்காய்கிறது. சும்மா நிற்கும் டீசல் இன்ஜினிலோ அப்படிக் கேபின் பக்கம் வந்து சேரும் சூடு மிகக் கொஞ்சம். இதைப் புரிந்துகொண்டால் உலகம் முழுவதும் லாரிக்காரர்கள் குளிரோடு நடத்தும் போராட்டம் மொத்தமும் புரிந்துவிடும்.

முதலில் ஓடும் வண்டியைப் பார்ப்போம். 40 டன் எடையோடு மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் பெரிய லாரி 100 கி.மீ.க்கு 35 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மணிக்கு 28 லிட்டர். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஆக, இன்ஜினுக்குள் 280 கிலோவாட் நெருப்பு இடைவிடாமல் எரிகிறது. இன்றைய நல்ல லாரி இன்ஜின் இதில் 40 முதல் 45 சதவீதத்தை வண்டியை இழுக்கும் வேலையாக மாற்றிவிடும். மீதியில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டில் இறங்குகிறது. அந்த ஒரு பங்கே 50 கிலோவாட்டைத் தாண்டும். கேபினைச் சூடாக வைத்திருக்க இரண்டு மூன்று கிலோவாட் போதும், அதாவது நம் வீட்டுக் குளியலறை கீசர் ஒன்றின் அளவு. ஓடும் லாரியில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை.

அந்தச் சூடு கேபினுக்கு வரும் வழியும் எளிமையானதுதான். கூலன்ட் என்பது தண்ணீரும் உறையாமல் காக்கும் கிளைகால் என்ற ரசாயனத் திரவமும் கலந்த கலவை. இன்ஜினுக்குள் சுற்றி 80, 90 டிகிரிக்குச் சூடான கூலன்ட்டின் ஒரு கிளை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போகிறது. அதுதான் ஹீட்டர் கோர். ப்ளோயர் அதன் ஊடாகக் காற்றை ஊதினால் நம் காலடியிலும் கண்ணாடியிலும் சூடான காற்று வருகிறது. முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் தெர்மோஸ்டாட் காவல் காக்கிறது. கூலன்ட் போதிய சூடு அடையும்வரை அது திறக்காது. காலையில் கிளம்பிய புதிதில் இன்ஜின் சீக்கிரம் சூடேறுவது இதனால்தான். தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் சமவெளியில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. குளிர்ப் பிரதேசத்தில் கேபின் சூடே ஆகாது. ஹீட்டர் சரியில்லை என்று வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இப்போது வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை மட்டும் ஓடவிடுவோம். ஐடிலிங்கில் பெரிய லாரி இன்ஜின் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் டீசல் எரிக்கும். 3 லிட்டர் என்றாலும் 30 கிலோவாட் வருகிறதே, கேபினுக்குத் தேவையோ இரண்டு மூன்று கிலோவாட்தானே, மீதி எங்கே போகிறது என்று கேட்கலாம். நான் அதிகம் குழம்பிய இடமும் இதுதான்.

பதில் காற்றில் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினின் வாயில் ஒரு கதவு உண்டு, த்ராட்டில் என்பார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது ஏறக்குறைய மூடிக்கொள்ளும். இன்ஜின் கொஞ்சம் காற்றை மட்டும் இழுக்கும். டீசல் இன்ஜினின் அடிப்படை அமைப்பில் அப்படி ஒரு கதவு கிடையாது. எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதை மாற்றித்தான் அதன் வேகமும் இழுவையும் கட்டுப்படுகின்றன. காற்று எப்போதும் முழு மூச்சாக உள்ளே போகும். 13 லிட்டர் கொள்ளளவுள்ள இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 13 லிட்டர் என்ற கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 3,900 லிட்டர் காற்றை இழுத்துக் கக்குகிறது. வெளியே மைனஸ் 15 டிகிரி என்றால் அந்த 3,900 லிட்டரும் மைனஸ் 15 டிகிரிக் காற்று. அதற்குள் தெளிக்கப்படும் டீசலோ சொட்டுக் கணக்கு. எரிவதற்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு காற்று வந்து, உண்டான சூட்டைச் சுருட்டிக்கொண்டு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. இன்ஜின் தன்னைத்தானே உள்ளிருந்து விசிறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். வெளியிலிருந்து ஒரு டன் எடையுள்ள இரும்பைப் பனிக்காற்று வேறு குளிரவைக்கிறது. தெர்மோஸ்டாட் இறுக மூடியிருந்தும் கூலன்ட் 70, 60, 50 என்று இறங்கிக்கொண்டே போகும். ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்று வரும், அப்புறம் அதுவும் வராது. அந்த நேரத்தில் ப்ளோயரை முழு வேகத்தில் வைப்பது இருக்கிற கொஞ்சச் சூட்டையும் உறிஞ்சிவிடும். வேகத்தைக் குறைத்து வைத்தால் வரும் காற்றாவது சற்றுச் சூடாக வரும்.

சித்தப்பாவின் டேங்கில் டீசல் இறங்கியதற்கும் கேபினில் சூடு ஏறாததற்கும் காரணம் இவ்வளவுதான்.

இதைச் சமாளிக்க டிரைவர்கள் பழைய காலம் தொட்டே சில வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, ஐடிலிங் வேகத்தைக் கூட்டி 1,000 சுற்றுக்கு மேல் வைப்பது. உராய்வும் எரிபொருளும் கூடுவதால் சூடும் கூடும், செலவும் கூடும். இன்னொன்று எக்ஸாஸ்ட் பிரேக். மலை இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தப் புகைக்குழாயை அடைக்கும் வால்வு அது. நிற்கும் வண்டியில் அதைப் பாதி மூடினால் புகை வெளியேறத் திணறும். இன்ஜினுக்கு வேலைப்பளு கூடும். அதிக டீசல் எரிந்து சூடேறும். சில வண்டிகளில் கம்பெனியே இந்த வசதியை வைத்துத் தருகிறது. மூன்றாவது, முன்பக்க கிரில்லுக்குப் படுதாவோ அட்டையோ கட்டுவது. கனடாவிலும் ரஷ்யாவிலும் இதற்கென்றே தைத்த, பொத்தான் வைத்த உறைகள் விற்கின்றன. குளிர்காற்று இன்ஜின் மேல் நேராக மோதாமல் இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் இன்றைய டர்போ லாரிகளில் ரேடியேட்டருக்கு முன்னால், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இருக்கிறது. முழுவதும் மூடிக்கொண்டு சுமையோடு ஓட்டினால் அது சூடாகி இன்ஜினைப் பாதிக்கும். அதனால் அந்த உறைகளில் நடுவே திறப்பு விடுவார்கள். நம் ஊர் வழக்கப்படி அட்டையைச் செருகுகிறவர்களும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுச் செருகுவது நல்லது.

இந்த வழிகள் எல்லாமே ஒட்டுப்போடும் வேலைகள்தான். இரவு முழுவதும் சூடில்லாமல் சுற்றும் இன்ஜினில் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். கரி படியும். பி.எஸ்.6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். அடைத்துக்கொள்ளும். டிரைவர் தூங்கும் நேரத்துக்கு முதலாளியின் இன்ஜின் விலை கொடுக்கிறது.

இதற்குச் சரியான விடை கேபினின் சூட்டை இன்ஜினிடமிருந்து பிரித்துவிடுவதுதான்.

அந்த விடையின் பெயர் டீசல் ஏர் ஹீட்டர். அமெரிக்காவில் பங்க் ஹீட்டர் என்பார்கள். ரஷ்ய டிரைவர்கள் இதை 'ஃபென்' என்கிறார்கள், தலைமுடி உலர்த்தும் கருவிக்கு அங்கே அதுதான் பெயர். 'வெபாஸ்தா' என்றும் சொல்வார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். நம் ஊரில் ஜெராக்ஸ் என்ற பெயர் நகல் எடுப்பதற்கே ஆனதுபோல, அங்கே யார் செய்த ஹீட்டரானாலும் வெபாஸ்தாதான். இந்தத் துறையின் இரண்டு பெரிய பெயர்களும் ஜெர்மனியில் எஸ்லிங்கன் என்ற ஒரே ஊரில் பிறந்தவை. எபர்ஸ்பெக்கர் 1865-இல் அங்கே ஒரு தகரப் பட்டறையாகத் தொடங்கியது. வெபாஸ்டோவை 1901-இல் வில்ஹெல்ம் பையர் அங்கே தொடங்கினார். 1908-இல் மியூனிக் அருகே ஸ்டாக்டார்ஃப் என்ற ஊருக்கு மாற்றினார். வில்ஹெல்ம், பையர், ஸ்டாக்டார்ஃப் ஆகிய மூன்றின் எழுத்துகளிலிருந்து வந்த பெயர்தான் வெபாஸ்டோ.

கருவி ஏறத்தாழ ஒரு ஷூ பெட்டி அளவுதான். பெரும்பாலும் படுக்கைக்கு அடியிலோ பக்கத்து சீட்டுக்கு அடியிலோ இருக்கும். வண்டியின் டீசல் டேங்கிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வரும். வழியில் இருக்கும் சிறு பம்ப் டிக், டிக், டிக் என்று துடித்து ஒவ்வொரு துடிப்புக்கும் அளந்த சொட்டுகளை அனுப்பும். உள்ளே க்ளோ பிளக் பழுக்கக் காய்ந்து டீசலைப் பற்றவைக்கும். சுடர் நிலைத்ததும் க்ளோ பிளக் அணைந்துவிடும். இதில் முக்கியமான விஷயம், இரண்டு காற்றோட்டங்களும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. சுடருக்கு வேண்டிய காற்று தரைக்குக் கீழே வெளியிலிருந்து வருகிறது. அதன் புகையும் தரைக்குக் கீழேயே வெளியேறுகிறது. கேபின் காற்று தனியாக, அலுமினியத் துடுப்புகள் கொண்ட உறையின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடாகித் திரும்புகிறது. நடுவே உலோகச் சுவர். டிரைவர் சுவாசிக்கும் காற்றில் நெருப்பின் புகை கலக்காது.

எபர்ஸ்பெக்கரின் டி2 மாடலை எடுத்துக்கொள்வோம். உச்சத்தில் 2.2 கிலோவாட் சூடு தரும், அதற்கு மணிக்கு 0.28 லிட்டர் டீசல் எரிக்கும். குறைந்த நிலையில் 850 வாட் சூட்டுக்கு 0.10 லிட்டர். எரிகிற டீசலின் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் நேராகக் கேபினுக்குள் வந்துவிடுகிறது. பத்து மணி நேர இரவுக்குச் சராசரியாக 2 லிட்டர் ஆகும். இன்ஜினை ஓடவிட்டால் 30 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் ஒரு பக்கம் 180 ரூபாய், இன்னொரு பக்கம் 2,700 ரூபாய். டிரைவரின் தூக்கத்துக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பேட்டரியில் ஓடும் மின் ஹீட்டர் வைத்தால் என்ன என்று தோன்றலாம். 2 கிலோவாட்டைப் பத்து மணி நேரம் கொடுக்க 20 கிலோவாட்-மணி வேண்டும். லாரியில் இருக்கும் 200 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டையும் சேர்த்தாலும் 5 கிலோவாட்-மணி தேறாது. குளிரில் அதிலும் பாதி வராது, காலையில் ஸ்டார்ட்டருக்கும் மிச்சம் வைக்க வேண்டும். டீசல் ஹீட்டருக்கும் மின்சாரம் தேவைதான். ஆனால் பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 100 வாட் அளவிலும், அதன்பின் விசிறிக்கும் பம்புக்கும் 8 முதல் 34 வாட் வரையிலும்தான். ஒரு சாதாரண பல்ப் இழுக்கும் மின்சாரம்.

ஐரோப்பாவில் நெடுந்தூர லாரிகளில் இது கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் இருக்கும். சட்டமும் அதற்குத் துணை. ஜெர்மனியின் சாலை விதிகளின்படி தேவையில்லாமல் இன்ஜினை ஓடவிடுவதே குற்றம். அமெரிக்காவில் டீசல் மலிவு என்பதால் இரவெல்லாம் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கும் பழக்கம் வெகுகாலம் நீடித்தது. கலிஃபோர்னியா 5 நிமிட வரம்பு கொண்டுவந்து, 2008 முதல் படுக்கை வசதியுள்ள லாரிகளையும் அதற்குள் சேர்த்தது. அதன்பின் அங்கும் தனி ஹீட்டரும், சிறு டீசல் இன்ஜினில் இயங்கும் துணை மின் யூனிட்டும் பரவின.

சித்தப்பாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்ப அன்னைக்கு வண்டிய அணைச்சுப்போட்டுக் கம்பளிய இழுத்துப் போத்திப் படுத்திருக்கலாம்னு சொல்றியா?" நல்ல கேள்வி. அணைத்திருந்தால் காலையில் வண்டி கிளம்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். இரவெல்லாம் இன்ஜினை ஓடவிடுவதற்குப் பாதிக் காரணம் கேபின் சூடு, மறுபாதி காலை ஸ்டார்ட்டிங். டீசல் இன்ஜினில் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சிலிண்டர் இரும்பு மைனஸ் 20-இல் கிடந்தால் அழுத்திய காற்றின் சூட்டை இரும்பே குடித்துவிடும். ஆயில் தேன்போல் கெட்டியாகியிருக்கும். பேட்டரி பலமிழந்திருக்கும்.

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இதற்கு இன்ஜின் பிளாக்கிலேயே மின் ஹீட்டர் பொருத்தி, இரவில் சுவர் பிளக்கில் மாட்டிவிடுகிறார்கள். வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் இதன் தொடக்க வடிவம் ஒன்றுக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். வின்னிபெக் போன்ற ஊர்களில் வாகன நிறுத்துமிடங்களில் வரிசையாக மின் பிளக்குகள் இருக்கும். பிளக் இல்லாத நடுக்காட்டில் நிற்கும் லாரிக்கு இன்னொரு வகை டீசல் ஹீட்டர் உண்டு. அது காற்றுக்குப் பதில் கூலன்ட்டைச் சூடாக்கி இன்ஜினுக்குள்ளும் ஹீட்டர் கோருக்குள்ளும் சுற்றவிடும். காலை நான்கு மணிக்கு டைமர் வைத்தால் ஐந்து மணிக்கு இன்ஜினும் கேபினும் தயாராக இருக்கும். கேபினுக்கு மட்டும் என்றால் ஏர் ஹீட்டர் சிக்கனம். காலையில் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் இந்தக் கூலன்ட் ஹீட்டர். கடுங்குளிர் நாடுகளில் இரண்டையும் வைத்திருப்பார்கள்.

சோவியத் காலத்துக் கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பைக்கால்-அமுர் ரயில்பாதை வேலைக்காகச் சோவியத் அரசு 1974-இல் மேற்கு ஜெர்மனியின் மாகிரஸ்-டாய்ட்ஸ் லாரிகள் சுமார் 9,500-க்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றின் டாய்ட்ஸ் இன்ஜின்கள் காற்றால் குளிர்விக்கப்படுபவை, உள்ளே கூலன்ட்டே கிடையாது. உறைந்து பிளாக் வெடிக்கும் பயம் இல்லாததால் சைபீரியாவுக்கு அது பெரிய வரம். ஆனால் கூலன்ட் இல்லாத இன்ஜினில் கூலன்ட் ஹீட்டருக்கு வேலையில்லை. இப்படிப்பட்ட வண்டிகளுக்குத் தனியாக எரிபொருள் எரிக்கும் ஹீட்டர்தான் கதி. இன்ஜினையும் கேபின் சூட்டையும் பிரிக்கும் யோசனை அந்த வகை வண்டிகளில் வசதியாக வரவில்லை, கட்டாயமாக வந்தது. சைபீரியாவின் யாகுதியா பக்கம் இன்றும் குளிர்காலம் முழுக்க இன்ஜினை அணைக்காமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டி இரட்டைச் சன்னலாக்கிக்கொள்கிறார்கள். மைனஸ் 50 டிகிரியில் அது தேவைதான்.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: உயரம். சைபீரியச் சமவெளியில் குளிர் மட்டும்தான். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் லாரி 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜி லாவைத் தாண்ட வேண்டும். திராஸ் சுமார் 3,300 மீட்டர், லே 3,500 மீட்டர். மணாலி வழியில் தங்லங் லா 5,328 மீட்டர். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டீசல் ஹீட்டரின் பம்ப் கீழே எவ்வளவு அனுப்பியதோ அவ்வளவு டீசலைத்தான் மேலேயும் அனுப்பும், காற்று மட்டும் குறைந்திருக்கும். டீசல் முழுதாக எரியாமல் உள்ளே கரி கட்டும். சில இரவுகளில் ஹீட்டர் பற்ற மறுக்கும். மேலே சொன்ன டி2 மாடலை 1,500 மீட்டர் வரைதான் கவலையில்லாமல் ஓட்டலாம் என்பது அதன் கையேட்டு விதி. அதற்கு மேல் கணவாயைக் கடக்கும் கொஞ்ச நேரத்துக்குப் பரவாயில்லை, அங்கேயே தங்குவதென்றால் உயரத்துக்கான கிட் பொருத்த வேண்டும். புதிய மாடல்கள் காற்றழுத்தத்தை உணர்ந்து டீசலைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. லடாக் பக்கம் போகிற வண்டிக்கு ஹீட்டர் வாங்குகிறவர்கள் எத்தனை கிலோவாட் என்று கேட்பதற்கு முன் எத்தனை மீட்டர் உயரம்வரை என்று கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் டீசலே. டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர்ந்தால் அது முதலில் மேகம்போல் கலங்கி, பிறகு கூழாகி, ஃபில்டரை அடைக்கும். ஹீட்டருக்கு வரும் குழாய் ஊசிபோல் மெல்லியது என்பதால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். திராஸ், கார்கில் பகுதிகளில் காலையில் டேங்குக்கும், இன்ஜின் ஆயில் தேங்கும் சம்ப்புக்கும் அடியில் தீ மூட்டி வண்டியைக் கிளப்புவது டிரைவர்களுக்குப் பழகிப்போன காட்சி. எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தேதான் செய்தார்கள், வேறு வழி இல்லை. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. ஹரியானாவின் பானிபட் ஆலையில் தயாராகும் அது மைனஸ் 33 டிகிரியிலும் உறையாமல் ஓடும். கீழே சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு மேலே போனால் அந்தப் பயன் கிடைக்காது. மேலே போடவேண்டியதை மேலே போடுவதற்கு டேங்கில் இடம் விட்டுப் போக வேண்டும்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். ஹீட்டர் இல்லாத கேபினில் நம் டிரைவர்கள் சூட்டுக்கு என்ன செய்கிறார்கள்? அடுப்பை ஏற்றுகிறார்கள். நாமக்கல் வண்டிகளில் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் இருப்பதால் ஸ்டவ் எப்போதும் கூடவே இருக்கும். வடக்கே போனால் தகரத்தில் கரி போட்டு மூட்டிய அங்கீட்டியைக் கேபினுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இப்படித் தூங்கியவர்கள் எழாமல் போன செய்திகள் வருகின்றன. எரிப்புக்குக் காற்று போதாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலியும் கிறுகிறுப்பும் அசதியும் வரும். களைத்த டிரைவர் அதைத் தூக்கம் என்றே நினைப்பார். ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்த மலையில் இது இன்னும் வேகமாகக் கொல்லும். கரி புகையாமல் கனன்றால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். கனலும் கரிதான் இந்த வாயுவைத் தாராளமாகக் கக்குகிறது. பனி குவிந்து புகைக்குழாய் மூடிய நிலையில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதிலும் இதே ஆபத்து. டீசல் ஹீட்டரின் புகைக்குழாயும் அப்படியே: இணைப்பு தளர்ந்திருந்தாலோ முனை பனியில் புதைந்திருந்தாலோ சேதம்தான். பேட்டரியில் ஓடும் சிறிய கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கினால் போதும். அதன் விலை வண்டியின் ஒரு டயர் விலையில் சின்னப் பங்குகூட இல்லை.

சமையல் ஸ்டவ்வினால் இன்னொரு தொல்லையும் உண்டு. கேஸ் எரிந்தால் நீராவி வரும். மைனஸ் 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் அளவு ஈரத்தைத்தான் தாங்கும், 20 டிகிரிக் காற்று 17 கிராம் தாங்கும். சூடான கேபினில் மிதக்கும் ஈரமெல்லாம் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டவுடன் தண்ணீராகி, அப்படியே பனிக்கட்டியாகிறது. தூங்கும் மனிதரின் மூச்சிலிருந்தும் உடலிலிருந்தும் ஓர் இரவில் சில நூறு கிராம் ஈரம் வருகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் ஹீட்டர் ஓடும்போதும் சன்னலில் ஒரு விரலளவு திறந்து வைக்கிறார்கள்.

ஹீட்டர் வைத்தவர்களுக்குப் பராமரிப்பில் மூன்று விஷயங்கள் போதும். கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட வேண்டும், இல்லையென்றால் பம்ப் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பங்கில் நுழையும் முன் அணைத்துவிட வேண்டும், அதற்குள் எரிவது நெருப்பு. அணைத்ததும் மூன்று நான்கு நிமிடம் விசிறி தானாக ஓடி உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றும். அந்த நேரத்தில் பேட்டரி மெயின் சுவிட்சைப் பிடுங்கினால் உள்ளே உறை வெந்துவிடும். பலர் ஹீட்டர் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று குறைபட்டுக்கொள்வதற்கு இந்த மூன்றாவது விஷயமும் ஒரு காரணம்.

கடைசியாக, கேபின் என்கிற பெட்டியைப் பற்றி. எவ்வளவு சூடு கொடுத்தாலும் ஓட்டைப் பெட்டியில் அது தங்காது. நம் ஊரில் நெடுங்காலம் கம்பெனி முகப்பும் சேஸிஸும்தான் தரும். கேபினை நாமக்கல் போன்ற ஊர்களின் பாடி பில்டிங் பட்டறைகளில் கட்டுவார்கள். வெயில் நாட்டுக்கு வெயில் நாட்டார் கட்டியது. பெரிய சன்னல்கள், காற்று வர இடைவெளிகள், ஒற்றைத் தகடு. அதில் ஒரே ஆறுதல், டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே போனட் மூடிக்கு அடியில் இருந்த இன்ஜின். சித்திரை வெயிலில் காலைப் பொசுக்கிய அதே போனட், மலையில் பாய் விரித்துப் படுக்கும் இடமாயிற்று. வண்டி நின்று ஓரிரண்டு மணி நேரம்வரை இரும்பு சூட்டை வைத்திருக்கும். இன்றைய சில வெளிநாட்டு லாரிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் சிறு பம்ப் ஒன்று மிச்சக் கூலன்ட்டைச் சுற்றவிட்டு அந்தச் சூட்டைக் கேபினுக்குத் தரும் வசதி இருக்கிறது. இரண்டும் ஒரே தத்துவம்தான்.

2025-ஆம் ஆண்டிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. வெயிலுக்காக வந்த விதி அது. ஆனால் ஏ.சி. வேலை செய்ய வேண்டுமென்றால் கேபினில் ஓட்டை இருக்கக் கூடாது. கதவுக்கு ரப்பர் வேண்டும். சுவருக்கு உறை வேண்டும். குளிருக்கும் இவைதான் தேவை. வாங்கும்போது ஏ.சி.யோடு ஹீட்டர் கோரும் வருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஜம்முவுக்கு அப்பால் ஓடப்போகிற வண்டி என்றால், படுக்கைக்கு அடியில் ஏர் ஹீட்டர் உட்காரவும் அதன் புகைக்குழாய் தரை வழியே வெளியேறவும் இடம் விட்டுக் கட்டச் சொல்லலாம். பட்டறையில் அது அரைநாள் வேலை.